கடைசி அலசலுக்கு ஒரு பாட்டில்

1

ஊருக்கு வரும்போதெல்லாம் சுமந்து வந்த சாமான்களில், பயந்துகொண்டே கொண்டுவந்தது ஒன்றே ஒன்றுதான். இந்த மாசியில், மூன்று ஸ்வெட்டர்களுக்குள் சுருட்டி, பெட்டியின் நட்டநடுவில் வைத்து எடுத்துவந்த ஒரு பாட்டில்.

இருபத்து மூன்று வருடமாகச் சுமக்கிறேன். சாக்லெட், முட்டிவலிக் களிம்பு, ஒருமுறை அக்கா கேட்டாள் என்று முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ். அவள் பட்டுநூலுக்குச் சாயம் போடும் பட்டறை வைத்திருப்பவள். நாளெல்லாம் ஈரத்தில் நிற்பவள். அந்த பூட்ஸுக்குச் சுங்கத்தில் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். அப்போதுகூட எனக்கு இப்படி வியர்க்கவில்லை.

பச்சைக் கண்ணாடி. திருகு மூடி. அச்சடித்த லேபிள் கிடையாது. வெள்ளை டேப் ஒரு துண்டு; அதில் பேனாவால் வரைந்த சின்ன மீன். மீனை வரைந்தவள் என் மகள் கயல். உள்ளே இருப்பதைச் செய்தவளும் அவளே. ஆஸ்திரியாவில் நாங்கள் இருக்கும் கிரெம்ஸ் ஊரில், டான்யூப் ஆற்றுக்கு மேலே படிப்படியாக ஏறும் ஒரு திராட்சைத் தோட்டத்தில், நான்கு வரிசைக் கொடிகளை அவள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். அந்த நான்கு வரிசையில் பழுத்ததைப் பறித்து, பிழிந்து, சின்னப் பீப்பாய் ஒன்றில் நுரைக்கவிட்டு, அவள் தனக்கென்று முதன்முதலாக எடுத்த வெள்ளை ஒயின்.

ஆரணியில் ஒயின் என்பது ஒரு பானத்தின் பெயர் அல்ல, ஒரு கடையின் பெயர். ஒயின்ஷாப். கம்பி வலைக்குள் கையை விட்டு வாங்குவார்களே, அது. அக்காவின் கணவர், என் மாமா, பட்டறையில் நின்ற நேரத்தைவிட அந்தக் கம்பி வலையின் முன்னால் நின்ற நேரம் அதிகம். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி, நாற்பதைத் தொடாமல் போய்விட்டார். இந்த மாசியில் நான் வந்ததே அவருடைய திதிக்கு. திதி வீட்டுக்கு எதைக் கொண்டுபோனேன் பாருங்கள்.

சென்னை விமான நிலையத்தில் ஓர் அதிகாரி ஸ்கேன் திரையைப் பார்த்துவிட்டு, "அது என்ன சார் பாட்டில்?" என்றார்.

ஒரு பாட்டில் கொண்டுவர எந்தத் தடையும் இல்லை. எனக்கும் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. "வினிகர் சார்."

"வினிகரா? ஆஸ்திரியாலேர்ந்தா?" அவர் பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். "எங்க ஊர்ல இல்லாத புளிப்பா சார்? போங்க, போங்க."

அவருக்குச் சொன்ன பொய் என்று நினைத்தேன். அது ஒத்திகை மட்டும்தான்.

2

கிரெம்ஸில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. திராட்சைச்சாறு ஐயா.

அங்கே ஒயின் செய்கிற குடும்பங்கள் வருடத்தில் சில வாரம் தங்கள் வீட்டு முற்றத்திலேயே பெஞ்சு போட்டு விற்பார்கள். வாசலில் ஊசியிலைக் கொத்து ஒன்று தொங்கினால் திறந்திருக்கிறது என்று அர்த்தம். சன்னல் சட்டம் செய்யும் ஆலையில் அளவு பார்க்கிற வேலை எனக்கு. வெள்ளிக்கிழமை மதியம் வேலை முடிந்தால் எல்லோருமாக அந்தப் பெஞ்சுகளுக்குப் போவோம். அவர்கள் குவளையைத் தூக்குவார்கள். நான் சாற்றைத் தூக்குவேன். தூக்கும்போது கண்ணைப் பார்க்க வேண்டும். அது அங்கே மரியாதை. இருபத்து மூன்று வருடமாகப் பலருடைய கண்களைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் குவளையில் இருப்பது என்ன ருசி என்று மட்டும் தெரியாது.

ஏன் குடிப்பதில்லை என்று கேட்பவர்களுக்கு வயிறு சரியில்லை என்பேன். அக்காவின் தலையை அவர்களுக்கு எப்படி விளக்குவது?

மாமா போய் ஒரு மாதம்கூட ஆகவில்லை, எனக்கு விசா வந்துவிட்டது. கிளம்புகிற அன்று காலையில் அக்கா என் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்துக்கொண்டாள். தலையில் பூ இல்லை. எண்ணெய் இல்லை. முடி கை சுடுகிற மாதிரி இருந்தது. "போற எடத்துல குளுரு கிளுருன்னு சொல்லிகினு எவன்னா ஊத்திக் குடுப்பான். தொடமாட்டேன்னு சொல்லு."

சொன்னேன்.

முதல் குளிர்காலத்தில் கிரெம்ஸில் புதுப்பனியின் மேல் காலை வைத்தபோது திடுக்கிட்டு நின்றேன். காலடியில் நறுக்கென்று ஒரு சத்தம். சாயம் போட்ட பட்டைக் கடைசியாக ஆசிட் கலந்த புளித்தண்ணீரில் அலசிப் பிழிந்து, காய்ந்தபின் கைப்பிடிக்குள் இறுக்கினால் எழுகிற அதே சத்தம். அந்தப் புளிப்பு இல்லாவிட்டால் பட்டு ஊமை. ஆரணியில் சேலை வாங்க வருகிற பெண்கள் நிறத்தைக் கண்ணால் பார்ப்பார்கள், பட்டைக் காதால் பார்ப்பார்கள். அன்று பேருந்து நிறுத்தம்வரை பனியை மிதித்து மிதித்து நடந்தேன். வேலைக்குத் தாமதம். மேற்பார்வையாளரிடம் ஜெர்மனில் காரணம் சொல்லப் பார்த்தேன். "பனி பேசிக்கொண்டிருந்தது" என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லிச் சூடாகத் தேநீர் கொடுத்தார்.

3

கயல் வியன்னாவில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருடம் நடுவில் விட்டாள். எங்களிடம் கேட்டு விடவில்லை, விட்டபின் சொன்னாள். திராட்சைத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும் அதே மூச்சில் சொன்னாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் என் மனைவி மல்லிகா இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் மகளுக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தாள். நான் இரண்டு வருடம் எடுத்துக்கொண்டேன்.

சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒதுங்கினேன். அவள் சாப்பாட்டு மேசையில் கொடி நறுக்குவதைப் பற்றிப் பேசினால், நான் எழுந்து தண்ணீர் எடுக்கப் போவேன். பீப்பாய் ருசி பார்க்கக் கூப்பிட்டால், "எனக்கு வேலை இருக்கு" என்பேன். உள்ளே நான் எனக்குச் சொல்லிக்கொண்டது: சத்தியம் பண்ணியிருக்கிறேன், அக்கா தலைமேல் கை வைத்துச் சத்தியம். மகளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதற்கு என்ன காரணம் என்று ஆரணிக்கு வந்தபின்தான் புரிந்தது.

பிறகு அந்தப் படிவம். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளிக்கு ஓர் அட்டை தருகிறார்களே, அதைக் கயலுக்குப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. தாத்தா பெயர், தாத்தா பிறந்த ஊர், புகைப்படத்தில் காது இரண்டும் தெரிகிறதா என்று ஆயிரம் கட்டம். ஒரு கட்டத்தில்: தொழில். நான் மாணவி என்று தட்டினேன்.

அச்சிட்டுக் கையெழுத்துக்கு நீட்டினேன். அவள் படித்தாள்.

"அப்பா, நான் மாணவி இல்ல. நான் வின்ட்ஸரின்." திராட்சை வளர்த்து ஒயினும் செய்கிற பெண்ணுக்கு ஜெர்மனில் அந்தப் பெயர்.

"அதுக்கு அங்க கட்டம் இல்லம்மா."

"கட்டம் காலியாத்தான் இருந்துச்சு. நீதான் எழுதின." பேனாவை மூடினாள். "தமிழ்ல இதுக்கு என்ன சொல்வாங்க?"

"திராட்சை விவசாயி."

"அது பாதிதான்."

கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள். அதுதான் வலித்தது. (அந்தப் படிவத்தைத் திருத்துவதற்காக இப்போது இன்னும் மூன்று படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக நான் எந்த அலுவலகத்துக்கும் அஞ்சல் அனுப்பியதில்லை.)

நான் ஊருக்குக் கிளம்புகிற காலையில் கயல் வந்தாள். பூட்ஸில் மண். பெட்டியைத் திறந்து ஸ்வெட்டர்களுக்கு நடுவில் பாட்டிலை வைத்தாள்.

"இது அத்தைக்கு. நீதான் குடிக்க மாட்டியே. அத்தையாவது என்ன சொல்றாங்கன்னு பாக்கலாம்."

மாமா எப்படிப் போனார் என்று அவளுக்கு நாங்கள் சொல்லியிருந்தது: மஞ்சள்காமாலை. என் குடும்பத்தில் உண்மையைப் பாதியோடு நிறுத்துவது ஒரு பழக்கம்.

4

ஆரணியில் பெட்டியைத் திறப்பது என் வேலை அல்ல. காலம்காலமாக அக்காதான் திறப்பாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்து, "இது யாருக்கு? இது எதுக்குடா இவ்ளோ?" என்று கேட்டு அடுக்குவாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் ஸ்வெட்டர்வரை வந்திருந்தாள்.

"டேய், இது இன்னா பாட்டிலு?"

தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பொய் ஏற்கனவே வாயில் தயாராக இருந்தது.

"வினிகர்கா. அங்க சாலட்டுக்கு ஊத்திக்குவாங்க."

"வெள்ளரிக்கா சாப்புடுறதுக்குப் பிளேன்ல புளிப்பு கொண்டாந்தியா? நல்லா பொழச்ச." அடுப்படி அலமாரியில், நல்லெண்ணெய்க்கும் தேன் பாட்டிலுக்கும் நடுவில் வைத்தாள். மீனை அவள் பார்க்கவில்லை. டேப் பக்கம் சுவரைப் பார்த்திருந்தது.

மறுநாள் திதி. ஐயர் வந்தார், எள்ளும் தண்ணீரும் விட்டோம், காக்கை சீக்கிரமே வந்தது. "உயிரோட இருந்தப்ப கூப்ட்டா ஒடனே வந்ததே இல்ல இந்த மனுசன்" என்றாள் அக்கா. எல்லோரும் சிரித்தோம். அலமாரியில் அந்தப் பாட்டில் நல்லெண்ணெய்க்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. எடுத்து ஒளித்துவிடலாம் என்று இரண்டு தடவை அடுப்படிக்குப் போனேன். இரண்டு தடவையும் யாரோ வடை கொடுத்தார்கள்.

அதற்கும் மறுநாள் காலையில் தேவிகாபுரம் பஸ் ஏறினேன். அங்கே பெரியநாயகி கோயிலுக்குப் போய்விட்டு, திரும்பியதும் பாட்டிலை எடுத்துப் பையில் போட்டு எங்காவது கொட்டிவிடுவது என்று முடிவு. கயலிடம், "அத்தைக்குப் பிடிச்சிருந்துச்சாம்" என்று சொல்லிக்கொள்ளலாம். பஸ் சன்னலில் வெயில் ஏற ஏற, அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அது இன்னும் கேவலமாகக் கேட்டது.

மதியம் வீடு திரும்பினேன். அலமாரியில் நல்லெண்ணெய் இருந்தது. தேன் இருந்தது.

நடுவில் இடம் காலி.

5

வீட்டுக்குப் பின்னால்தான் பட்டறை. தகரக் கூரை, இரண்டு செம்புத் தொட்டி, ஒரு கேஸ் அடுப்பு, மூங்கிலில் சிட்டம் சிட்டமாகத் தொங்கும் நூல் கற்றைகள். மாமா போனபின் இழுத்து மூடச் சொன்னார்கள். அக்கா மூடவில்லை. இன்றைக்கு நெசவுக்காரர்கள் அவளிடம் நிறம் கேட்டு போனில் படம் அனுப்புகிறார்கள். அவள் பதிலுக்கு நூலின் படம் அனுப்புகிறாள்.

உள்ளே போனபோது சாய மாஸ்டர் ஏழுமலை குழாயடியில் குனிந்து வாயைக் கொப்பளித்துக்கொண்டிருந்தார். கொப்பளித்தார், துப்பினார், மறுபடி தண்ணீர் பிடித்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் பேசின், அதில் அரக்கு நிறத்தில் ஒரே ஒரு சிட்டம். பேசினுக்கு அருகே பச்சை பாட்டில். பாதி காலி.

"சார்!" என்றார். தாடி ஈரம். "இன்னா சார் இப்படிப் பண்ணிட்டீங்க?"

"என்ன மாஸ்டர்?"

"வினிகர்னு சொன்னீங்களாமே. நம்ப ஆசிட் கேனு தீந்து போச்சு, லோடு நாளிக்குத்தான் வரும். சாம்பிளு சிட்டம் ஒன்னு ஜல்தியா வோணும்னு பார்ட்டி வந்து வாசல்ல நிக்கிறாரு. யக்கா சொன்னாங்க, உள்ள தம்பி கொண்டாந்த வினிகர் கீது, கடைசி அலசலுக்கு ஊத்துன்னு. ஊத்தினேன். எப்பவும் போல நாக்குல தொட்டுப் பாத்தேன், புளிப்பு பத்தல. சரி, பாட்டில்லயே தொட்டுப் பாப்போம்னு..." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். சிவப்புக் கயிறு. "ஏழு மாசம் சார். படவேடு ரேணுகாம்பாள் கோயில்ல சத்தியம் பண்ணிக் கட்டிகினது. ஏழு மாசமா ஒரு சொட்டு இல்ல. இப்ப போயி நாக்குல வச்சிட்டீங்களே!"

மாமாவோடு அந்தக் கம்பி வலையின் முன்னால் நின்றவர்களில் ஏழுமலையும் ஒருவர். மாமாவைத் தோளில் சுமந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவரும் அவர்தான்.

"இன்னா சத்தம் அங்க?" அக்கா வந்தாள். கையில் அளவுநாடா, கண்ணாடி நெற்றியில்.

"யக்கா, உங்க தம்பி கொண்டாந்தது வினிகர் இல்ல. சரக்கு."

அக்கா பாட்டிலை எடுத்தாள். முகர்ந்தாள். அந்த முகத்தை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், மாமாவின் சட்டையைத் துவைக்கப் போடும்போது. பாட்டிலைக் கீழே அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. திருப்பினாள். டேப்பைப் பார்த்தாள். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினாள்.

கயலுக்குத் தமிழ் எழுத வராது. ஐந்து வயதிலிருந்து அத்தைக்குப் போடும் ஒவ்வொரு வாழ்த்து அட்டையிலும் பெயருக்குப் பதில் ஒரு மீன்தான் வரைந்து அனுப்புவாள். வாலை மட்டும் மேலே தூக்கிய மீன். அக்காவின் பீரோ கதவுக்குள் அப்படிப் பதினேழு மீன் ஒட்டியிருக்கிறது.

"கயலு எதுக்குடா பாட்டில்ல மீன் போட்டுகீது?"

சொன்னேன். படிப்பை விட்டது, தோட்டம், நான்கு வரிசை, பீப்பாய், அத்தைக்கு என்று கொடுத்தது. நின்றபடியே, செருப்பில்லாமல், ஈரத் தரையில். முடித்ததும் அக்கா ஏழுமலை பக்கம் திரும்பினாள்.

"முழுங்கினியா?"

"அய்யோ இல்லக்கா. தொட்டேன், துப்பினேன். நம்ப வழக்கம்தான்."

"அப்ப எதுக்குப் பொலம்பிகினு கீற? துப்பினா தொழிலு. முழுங்கினாதான் குடி. ஆத்தாவுக்கு அந்த வித்தியாசம் தெரியும். கம்னு போயி நூலப் பாரு, வாசல்ல ஆளு நிக்குது."

ஏழுமலை கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பேசினுக்குப் போனார். அக்கா என்னைப் பார்த்தாள்.

"அந்தப் பொண்ணும் துப்புதா?"

"ஆமாக்கா. பீப்பாய் பீப்பாயா ருசி பாத்து, வாளில துப்புவாங்களாம். அதான் அவங்க வேலையே."

"துப்புவாங்களாமா? நீ பாத்ததில்ல?"

"இல்ல."

"ரெண்டு வருசமா?"

"நீதானேக்கா சத்தியம் வாங்கின."

அளவுநாடாவைப் பேசின் பக்கம் வீசினாள். "குடிக்கக் கூடாதுன்னு வாங்கினேன்டா. பெத்த பொண்ணு தொழிலப் பாக்கக் கூடாதுன்னா வாங்கினேன்? உனக்கு வெக்கம். நாலு பேரு கேட்டா இன்னா சொல்றதுன்னு வெக்கம். அத எந்தலைல வச்சிட்டு நீ நல்லவனா சுத்திகினு கீற!"

இரண்டு வருடமாக நான் எனக்குள் புரட்டாமலே வைத்திருந்த கல்லை அவள் ஒரே மூச்சில் புரட்டிப் போட்டுவிட்டாள். அடியில் இருந்தது அதுதான், வெட்கம். பார்த்தபின் ஏனோ மூச்சு லேசாக வந்தது.

6

அக்கா எவர்சில்வர் டம்ளர் ஒன்றை அலசி, அரை விரல் உயரத்துக்கு ஊற்றினாள்.

"வையி நாக்குல. எம்முன்னால. தொழிலாப் பாரு. பாத்துட்டு இன்னான்னு சொல்லு அந்தக் கொழந்தைக்கு."

வாங்கினேன். தகரக் கூரையின் ஓட்டை வழியே வந்த வெயில் டம்ளருக்குள் விழுந்தது. வைக்கோல் நிறமும் இல்லை, பச்சையும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒரு வெளிச்சம். முதலில் மூக்கு. மிளகு! இடித்த மிளகு இல்லை. கொடியிலேயே பச்சையாகக் கிள்ளினால் விரலில் நிற்குமே, அது. கயல் மேசையில் சொல்லியிருக்கிறாள், கிரூனர் ஃபெல்ட்லீனர் என்ற அந்தத் திராட்சைக்கே உரிய வாசனை அது என்று. நான் தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் அது காதில் விழுந்திருக்கிறது.

பிறகு நாக்கு.

கொய்யாக்காயின் தோல். மழை பெய்து நின்றதும் கருங்கல் சுவரிலிருந்து எழும் மணம். எலுமிச்சை இல்லை, எலுமிச்சை மரத்தின் இலை. எல்லாவற்றுக்கும் நடுவில், தறியில் இழுத்துக் கட்டிய ஒற்றை இழைபோல, ஒரு புளிப்பு. அது கடிக்கவில்லை. தளரவில்லை. நாக்கின் நுனியிலிருந்து தொண்டைவரை நேராகப் போனது, போய்க்கொண்டே இருந்தது. அதன்மேல் ஏறி நடந்தால் அந்த மலைச்சரிவுக்கே போய்விடலாம் போல. அங்கே குளிரில் குனிந்து கொடி நறுக்கும் ஒருத்தியின் முதுகு தெரிந்தது. இரண்டு வருடம் நான் பார்க்க மறுத்த முதுகு.

நான் ஒயின் அறிந்தவன் அல்ல. ஒப்பிட என்னிடம் வேறொரு மடக்குகூட இல்லை. ஆனாலும் சொல்கிறேன், சாதாரணக் கைக்கு இது வராது. சன்னல் சட்டத்தில் மயிரிழை விலகினால் எனக்குத் தெரியும். இதில் எதுவும் விலகியிருக்கவில்லை.

"துப்புடா" என்றாள் அக்கா. சாக்கடை வாய் பக்கம் கையைக் காட்டினாள்.

நான் நின்றேன்.

"துப்பு!"

"முழுங்கிட்டேன்கா."

ஏழுமலை பேசினிலிருந்து தலையைத் தூக்கினார். அக்கா என்னையே பார்த்தாள். அவள் கை மெல்ல மேலே போய், தன்னையறியாமல், தன் உச்சந்தலையைத் தொட்டு இறங்கியது. டம்ளரை என் கையிலிருந்து வாங்கி, அடியில் நின்ற சொட்டை விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். திரும்பி, சாக்கடையில் சுத்தமாகத் துப்பினாள். முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"புளிப்பு நல்லா நிக்குது" என்றாள். "அவசரப்படாத கை."

இருபத்து மூன்று வருடத்தில் எந்த நூலுக்கும் அவள் அவ்வளவு சொல்லி நான் கேட்டதில்லை.

"மீதிய இன்னாக்கா பண்றது?" என்றார் ஏழுமலை.

"பேசின்ல ஊத்து. இந்த வூட்ல பாட்டிலு நிக்கக் கூடாது."

ஊற்றினார். என் வாழ்நாளில் நான் கண்டுபிடித்த ஒரே அருமையான ஒயின், மகளுடைய முதல் ஒயின், அரக்குப் பட்டின் கடைசி அலசலில் கலந்து போனது. எனக்கு வாய்த்தது ஒரு மடக்கு. நெஞ்சு நிறைந்திருந்தது.

அக்கா டேப்பை நகத்தால் பக்குவமாக உரித்தாள். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கற்றை நூல் ஒட்டி வைக்கிற மாதிரி நோட்டு ஒன்று அவளிடம் உண்டு. அன்றைய பக்கத்தில் அரக்கு நூலுக்கு இடம் விட்டு, பக்கத்தில் மீனை ஒட்டினாள்.

7

கயலை போனில் அழைத்தேன். அங்கே காலை. காற்றும், கத்தரிக்கோலின் வெட்டும் கேட்டன.

"கயல், குடிச்சேன்."

கத்தரிக்கோல் நின்றது. "என்ன குடிச்ச?"

"உன்னோடதத்தான்."

"எப்படி இருந்துச்சு?" குரல் சின்னதாகியிருந்தது, மீன் வரையக் கற்றுக்கொண்ட வயதுக்கு.

"மிளகு..." என்று தொடங்கினேன். அக்கா போனைப் பிடுங்கினாள்.

"கண்ணு, அத்தை பேசறேன். ரொம்ப ஜோரா செஞ்சிகீற. ஆனா கேட்டுக்க, உங்க மாமா காமாலையில சாவல. இத விட மட்டமானத குடிச்சிக் குடிச்சிச் செத்தாரு. அதனால எவனுக்கு விக்கிறோம்னு பாத்து வில்லு. கை நடுங்கறவனுக்கு விக்காத. இன்னா?"

அந்தப் பக்கம் கத்தரிக்கோலை எங்கோ வைக்கும் சத்தம். பிறகு, "சரி அத்தை. எனக்கு யாரும் சொல்லல."

"இப்ப சொல்லிட்டேன்ல."

"அத்தை, நீங்க துப்பினீங்களா?"

"துப்பினேன். ஏழுமலையும் துப்பினாரு. தொழிலுன்னா துப்பணும்."

"ஆமா! நானும் துப்புவேன்." சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "அப்பா?"

ஏழுமலை சிட்டத்தைப் பிழிந்து உதறிக் கொண்டுபோய் வாசல் வெயிலில் நின்றவரிடம் காட்டிக்கொண்டிருந்தார். காய்ந்த ஓரத்தை அவர் கைக்குள் வைத்து இறுக்கியபோது, நறுக்கென்று, புதுப்பனியை யாரோ மிதித்தார்கள்.

"உங்கப்பன் முழுங்கிட்டான்" என்றாள் அக்கா.

"ஏன்? சத்தியம் இருக்குன்னு அம்மா சொன்னாங்களே?"

அக்கா என்னைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே போனில் சொன்னாள்:

"பொண்ணு செஞ்சதப் பெத்தவன் எப்படிம்மா துப்புவான்?"